மெட்டு யாருடையது? டிக்ஸியும் முக்கூடற் பள்ளும்

நெல்லைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் மாணவர்கள் ‘பள்ளு நாடகம்’ போட்டார்கள். பள்ளனாக வந்த பையன் முகம், கை, மார்பு எல்லாம் கரி பூசியிருந்தான். கள் குடித்துத் தள்ளாடினான். இரண்டு பெண்டாட்டிகளிடமும் அடி வாங்கினான். பண்ணைக்காரனாக வந்தவனுக்குக் கரி இல்லை, பவுடர். அரங்கமே சிரித்தது. எங்களோடு உட்கார்ந்திருந்த முதலாமாண்டு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறவர்.

“அக்கா, நாம இப்படியா இருக்கோம்?” என்று கேட்டாள்.

அன்று அவளுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறோம். பதில் தாமிரபரணிக் கரையில்தான் முடியும். ஆனால் அதைத் தொடங்க அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஒரு கல்லறைக்குப் போகவேண்டியிருக்கிறது.

கரி பூசிய முகங்கள்

1830களில் அமெரிக்காவில் ஒரு கேளிக்கை பரவியது. வெள்ளைக்காரர்கள் தக்கையை எரித்துக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கிழிந்த கோட்டு மாட்டிக்கொண்டு, கறுப்பு அடிமைகளைப் போல ஆடிப்பாடினார்கள். ‘மின்ஸ்ட்ரல்’ என்று அதற்குப் பெயர். தாமஸ் ரைஸ் என்ற நடிகர் ஆடிய ‘ஜிம் க்ரோ’ என்ற கோமாளிப் பாத்திரம் நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. 1843இல் நியூயார்க்கில் நான்கு பேர் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற பெயரில் முழு நேர நிகழ்ச்சியாகவே அதை நடத்தினார்கள். ஒருவர் கையில் ஃபிடில், ஒருவர் கையில் பாஞ்சோ, ஒருவர் கையில் தம்பூரின், இன்னொருவர் கையில் எலும்புத் தாளம். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த கருவி. அதை வாசித்தே அவர்களைக் கேலி செய்தார்கள்.

அந்த நால்வரில் ஃபிடில் வாசித்தவர் டான் எம்மெட். 1859 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் மேடையில் ‘டிக்ஸி’ என்ற அவருடைய பாட்டு அரங்கேறியது. கறுப்பர் ஒருவர் தென்மாநிலப் பருத்திக் காட்டை நினைத்து ஏங்குவதுபோல் அமைந்த பாட்டு. இரண்டே ஆண்டுகளில், அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றபோது அதே மெட்டைத்தான் வாசித்தார்கள். கறுப்பரைக் கேலி செய்யப் பிறந்த பாட்டு, கறுப்பரை விலங்கில் வைத்திருப்பதற்கான போரின் கீதமானது.

எம்மெட்டின் சொந்த ஊர் ஒஹையோவில் உள்ள மவுண்ட் வெர்னன். அதே வட்டாரத்தில் ஸ்நோடன் என்ற கறுப்பர் குடும்பம் இருந்தது. மேரிலாந்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று வந்த தாயும் தகப்பனும். பிள்ளைகள் ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்து, ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தார்கள். எம்மெட்டுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான் என்பது அங்கிருக்கும் கறுப்பர்களின் தலைமுறை நினைவு. பென், லூ என்ற ஸ்நோடன் சகோதரர்களின் கல்லறைக் கல்லிலேயே அதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஹோவர்ட் சாக்ஸ், ஜூடித் சாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையைத் தேடிப் பிடித்து 1993இல் ஒரு நூலாகவே எழுதினார்கள்.

இதை யாரும் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. எம்மெட்டின் பெயர் அச்சில் இருக்கிறது. ஸ்நோடன்களின் பெயர் கல்லறையில் இருக்கிறது. எந்தப் பெயர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மெட்டு தீர்மானிப்பதில்லை. அச்சகம், மேடை, காசு யார் கையில் இருந்தன என்பதுதான் தீர்மானிக்கிறது.

சீவலப்பேரிக்கு வருவோம்

சீவலப்பேரி என்றதும் பலருக்கும் சினிமாதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது முக்கூடல். சிற்றாறு தாமிரபரணியில் வந்து விழுகிற இடம். பீடிக்குப் பேர்போன முக்கூடல் வேறு, இது வேறு. இந்த முக்கூடலின் அழகர் கோயிலையும் சுற்றியுள்ள வயல்களையும் வைத்துப் பாடப்பட்டதுதான் முக்கூடற் பள்ளு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுதியவர் என்னயினாப் புலவர் என்று ஒரு மரபு உண்டு.

கதை சின்னதுதான். அழகக் குடும்பன் ஒரு பள்ளன். மூத்தவள் முக்கூடற் பள்ளி, இளையவள் மருதூர்ப் பள்ளி. அவன் இளையவள் வீட்டிலேயே கிடக்கிறான், பண்ணை வேலையைக் கவனிப்பதில்லை. மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவன் காலைக் கட்டையில் மாட்டிப் பூட்டுகிறான். கடைசியில் மூத்தவளே மனசு கேட்காமல் போய்க் கெஞ்சி விடுவிக்கிறாள். பிறகு உழவு, விதைப்பு, நடவு, அறுப்பு, நெல் அளப்பு. நடுவில் இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தி சிவனைத் திட்டுகிறாள், இன்னொருத்தி பெருமாளைத் திட்டுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இதிலிருந்து எடுத்த மழைப் பாட்டைத்தான். மின்னல், தவளை, நண்டு என்று வெள்ளம் வரப்போகும் குறிகளை அடுக்கும் அந்தப் பாட்டு உண்மையிலேயே அழகானது. ஆனால் காலில் கட்டை மாட்டும் இடம் எங்கள் பாடப்புத்தகத்தில் வரவில்லை. மழை பெய்தது, ஆறு பெருகியது, உழவர் மகிழ்ந்தனர். அத்தோடு மணி அடித்துவிட்டது.

மின்ஸ்ட்ரல் மேடையைப் பார்த்த கண்ணோடு பள்ளைத் திரும்பப் படித்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, சிரிப்பு யாருக்காக என்பது. குடிப்பவன், பொய் சொல்பவன், பெண்பித்துப் பிடித்தவன், வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் என்றுதான் பள்ளன் வருகிறான். பண்ணைக்காரனுக்கும் கொஞ்சம் கேலி உண்டு. ஆனால் நிலத்துக்கு உடைமையான கோயிலும் மேல்வாரக்காரரும் கேலிக்கு அகப்படுவதில்லை. ஆண்டைக்குக் கேட்கப் பிடித்த கதை இது.

இரண்டாவது, முகமூடி. சிவனையும் பெருமாளையும் வாய் நிறையத் திட்டவேண்டும் என்ற ஆசை புலவருக்கு இருந்திருக்கிறது. தன் வாயால் திட்டினால் பாவம், பள்ளியின் வாயால் திட்டினால் நகைச்சுவை. கரி பூசிய வெள்ளைக்காரனும் தன் முகத்தோடு சொல்ல முடியாத ஆபாசத்தையெல்லாம் கறுப்பன் முகத்தில்தான் சொன்னான்.

மூன்றாவது, தண்டனையே வேடிக்கையாவது. காலில் கட்டை என்பது கற்பனையில் பிறந்த அலங்காரம் அல்ல. பண்ணையாட்களைக் கட்டி வைப்பதும் அடிப்பதும் இந்த மண்ணில் நடந்த நடைமுறை. அதைப் பாட்டாக்கிச் சந்தம் போட்டால் வலி காதில் விழுவதில்லை.

அமெரிக்காவில் ‘ஜிம் க்ரோ’ என்ற கோமாளியின் பெயரே பின்னாளில் நிறவெறிச் சட்டங்களுக்குப் பெயரானது. கேலி சட்டமாக மாற அங்கே அரை நூற்றாண்டு போதும் என்று இருந்தது. இங்கே ஊர் வழக்கமே சட்டம். கூலிக்காரன் என்றால் குடிகாரன், சொன்ன பேச்சு கேட்காதவன், அடித்தால்தான் அடங்குவான் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட கண் ஒன்று இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைக் காவல்துறையின் தடியடி கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அன்று தடியைத் தூக்கிய கைக்குப் பின்னால் இருந்ததும் அந்தக் கண்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். இலக்கியத்தை வெறும் இலக்கியமாகப் பார்க்க எங்களால் முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, மெட்டு எங்கே போனது?

பள்ளுக்கு முன்னாலேயே பாட்டியல் நூல்கள் ‘உழத்திப் பாட்டு’ என்று ஒரு வகையைச் சொல்கின்றன. பெயரே மூலத்தைச் சொல்லிவிடுகிறது. உழத்தி பாடினாள், புலவன் எழுதினான். பள்ளில் நிறைந்திருக்கும் சிந்து மக்களிடமிருந்து ஏட்டுக்கு ஏறியது என்று யாப்பு ஆராய்ந்தவர்களே சொல்கிறார்கள். குனிந்து நாற்று நடும்போது கைக்கும் காலுக்கும் இடுப்புக்கும் ஒத்துவருகிற அளவில் மூச்சு விட்டு விட்டு வரும் பாட்டு அது. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து அந்தத் தாளம் வராது.

திருமலை முருகன் பள்ளு, குருகூர்ப் பள்ளு, யாழ்ப்பாணத்தில் கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு என்று அந்த மெட்டு கோயில் கோயிலாகப் போனது. பிறகு எட்டயபுரத்துக்காரர் கைக்கு வந்தது. பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’ தெரியாத தமிழர் உண்டா? அதற்கு அவர் கொடுத்த துணைத்தலைப்பு ‘பள்ளர் களியாட்டம்’. இந்த நாட்டுக்கு விடுதலை வந்தால் முதலில் ஆடவேண்டியவர்கள் யார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மெட்டை எடுத்துக்கொண்டவர் பெயரையும் மேலேயே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறோம்.

1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அது பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. இன்றைக்கும் ஆகஸ்ட் 15 வந்தால் பள்ளிக்கூடங்களில் ஒலிக்கிறது. ஆனால் மேடையில் அறிவிக்கும்போது ‘பள்ளர் களியாட்டம்’ என்று சொல்லி நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பாட்டு இருக்கிறது, மெட்டு இருக்கிறது, ஆடியவர்களின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். எட்டயபுரத்தில் 1835இல் காலமான முத்துஸ்வாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சொல்வார்கள். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து, எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தவர். கடன் வாங்கியதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இசை அப்படித்தான் வளரும். ஆனால் நோட்டுஸ்வரத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் ‘சந்ததம் பாஹிமாம்’ எந்த மெட்டு என்றால் உடனே சொல்வார்கள், இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதம் என்று. மற்றவற்றுக்கும் மூல மெட்டுகளைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலை.

வெள்ளைக்காரனிடம் வாங்கினால் மூலத்துக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அடிக்குறிப்பு உண்டு. சேரியிலிருந்து எடுத்தால் ‘நாட்டுப்புற மெட்டு’. அவ்வளவுதான். நாட்டுப்புறம் என்றால் எந்த நாட்டின் எந்தப் புறம்? யார் வீட்டுப் பெண்? கடல் கடந்து வந்த மெட்டின் பிறப்பைத் தெரிந்துகொள்ள முடிந்தவர்களுக்கு, வாய்க்கால் கடந்து வந்த மெட்டின் பிறப்பு தெரியாமல் போனது தற்செயல் அல்ல.

பிறப்பையே மாற்றுவது

பெயரை உதிர்ப்பது ஒரு வழி. பிறப்பையே மாற்றி எழுதுவது இன்னொரு வழி. அதற்கும் இந்த ஆற்றங்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை விரும்பி, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று, அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவன். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் செத்தவன். வில்லுப்பாட்டாகத் தலைமுறை தலைமுறையாகப் பாடப்படும் கதை. பிற்காலப் பாடங்களில் என்ன ஆனது? அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்ததைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம். சாதி மீறிய காதல் ஒரே வரியில் சாதிக்குள் நடந்த காதலாகிவிட்டது. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இந்த இடைச்செருகலை எடுத்துக்காட்டினார். நெல்லையின் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் அவர். கல்லறைக் கல்லில் ஸ்நோடன்கள் பெயரைப் பொறித்தவர்களும் வானமாமலையும் செய்தது ஒரே வேலைதான்.

சொல்லப்படும் மறுப்புகள்

“மெட்டு காற்று மாதிரி, அதற்குச் சொந்தக்காரன் யார்?” என்று கேட்பார்கள். பாதி உண்மை. அமெரிக்காவில் ‘டர்க்கி இன் தி ஸ்ட்ரா’ என்ற ஃபிடில் மெட்டு உண்டு. ஐஸ்கிரீம் வண்டிகளில் ஒலிக்கும் மெட்டு. 1830களில் அதையே ‘ஜிப் கூன்’ என்ற பெயரில் கறுப்பரை இழிவுபடுத்தப் பாடினார்கள். அதன் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளில் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கறுப்பருக்குப் புண்படவில்லையா? 2020இல் குட் ஹியூமர் என்ற ஐஸ்கிரீம் நிறுவனம் ஆர்சா என்ற கறுப்பு இசைக்கலைஞரைக் கொண்டு வண்டிகளுக்குப் புது மெட்டே போட்டது. தூய மூலம் என்று ஒன்று எந்த மெட்டுக்கும் இருக்காமல் போகலாம். அதனால் எங்கள் கேள்வி ‘முதலில் பாடியது யார்’ என்பதோடு நிற்கவில்லை. பாடியதில் யாருக்குக் கூலி, யாருக்குப் புகழ், யாருக்குக் கேலி என்பதும் எங்கள் கேள்வி.

அடுத்த மறுப்பு எங்கள் ஆட்களிடமிருந்தே வரும். “பள்ளு நம் பெருமை அல்லவா? வேளாண்மை நம் கையில் இருந்ததற்கு அதுதானே ஆவணம்?” என்று தேவேந்திர குல வேளாளர் தோழர்கள் கேட்கிறார்கள். பட்டியல் சாதி, தலித் என்ற சொற்களே தங்களுக்கு வேண்டாம் என்பவர்களும் அவர்களில் உண்டு. 2021இல் நாடாளுமன்றச் சட்டம் வழியாகப் பொதுப்பெயர் வந்ததையும் அறிவோம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெல் வகை, மாட்டு வகை, ஏர் உறுப்பு என்று பள்ளு அடுக்கும் பெயர்கள் உழுதவர்களின் அறிவு. புலவர் அதைக் கேட்டு எழுதினார். பள்ளை எரிக்கச் சொல்லவில்லை நாங்கள். காலில் கட்டையோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டால் கட்டை மாட்டியவனை நாமே மன்னித்துவிட்டதாக ஆகும்.

“இதெல்லாம் பழைய கதை” என்பது கடைசி மறுப்பு. 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டைப் பேசும் அட்டையில் அறிவின் முகத்தைப் போடவில்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், உலகமே பார்த்த மேடையில், அறிவு இல்லாமலேயே அந்தப் பாட்டு பாடப்பட்டது. இசை யாருடையது என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் மாறி மாறி விளக்கம் சொன்னார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. படித்த, பேசத் தெரிந்த, லட்சக்கணக்கானோர் அறிந்த ஒரு தலித் கலைஞனுக்கே தன் பெயரைத் தானே கேட்டு வாங்கவேண்டியிருந்தது என்றால், சீவலப்பேரி வயலில் நாற்று நட்டவளுக்கு யார் கேட்பார்கள்?

கேட்டுப் பார்த்தோம்

ஒரு பிசானப் பருவத்தில் மருதூர் அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். வேலை முடிந்ததும் எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவரிடம் நடவுப் பாட்டு பாடச் சொன்னோம். முதலில் வெட்கப்பட்டார். பிறகு குரலெடுத்தார். மூச்சு வாங்கும் இடமெல்லாம் குனிந்து நிமிரும் இடமாகவே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் தாமாகவே குலவை போட்டார்கள். பாடி முடித்ததும், இவ்வளவு அழகான பாட்டை யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டோம்.

“அழகு என்னம்மா அழகு? இடுப்பு வலி தெரியாம இருக்கதுக்குப் பாடுனது. நட்டதுக்குக் கூலி குடுத்தாவ. பாட்டுக்கு எவம் கூலி குடுத்தான்?” என்றார்.

அந்த ஊரில் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. இளைய பெண்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அவர்கள் குனியாமல் இருப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். குனிந்த முதுகு போகட்டும், குரலும் சேர்ந்து போகவேண்டுமா?

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளைப் பாடமாக வைக்கும்போது காலில் கட்டை மாட்டும் பகுதியையும், பண்ணையாள் முறை என்றால் என்ன என்பதையும் சேர்த்து வையுங்கள். ‘சுதந்திரப் பள்ளு’ பாடும்போது பாரதி எழுதிய துணைத்தலைப்பையும் சொல்லுங்கள். நாட்டுப்புறப் பாட்டைப் பதிவு செய்கிற ஆய்வாளரும் இசையமைப்பாளரும் பாடியவரின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், பாடியதற்குக் கூலியும் கொடுங்கள். ‘மரபு மெட்டு’ என்று எழுதித் தப்பிக்காதீர்கள். கல்லூரி மேடையில் எங்கள் ஆட்களாக நடிக்க முகத்தில் கரி பூசாதீர்கள். எங்கள் நிறத்துக்கு ஒப்பனை தேவையில்லை.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறோம். இல்லை தங்கச்சி, நாம் அப்படி இல்லை. அவர்களுக்குச் சிரிப்பதற்கு ஒருவன் வேண்டியிருந்தது, அதனால் அப்படி எழுதினார்கள். ஆனால் அந்தப் பாட்டின் தாளம் இருக்கிறதே, அது உன் அம்மாவுடையது. வீட்டுக்குப் போனதும் அவரைப் பாடச் சொல். செல்போனில் பதிவு செய். கோப்புக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கும். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போடாதே. உன் அம்மாவின் பெயரைப் போடு.